தங்கம் வரும் வாசல்

பாலக்கோட்டில் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த வாரம். மண்டியில் கூடை கூடையாக இறக்கிவிட்டு, கணக்கு முடித்து, ஒரு குடியானவர் வெளியே வருகிறார். உரக்கடை பாக்கி போக, கைமாற்று போக, மடியில் கொஞ்சம் பணம் மிச்சம். மனைவி விடவில்லை.

"பொண்ணுக்கு ஒரு தோடு வாங்கிடலாங்க. கையில் இருந்தால் செலவாகிப் போயிடும்."

மூவரும் கடைக்குப் போகிறார்கள். ஆசாரி தராசில் தோட்டை வைக்கிறார். நாலு கிராம். அரைப் பவுன். ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் கண் கொட்டாமல் பார்க்கிறாள். பிறகு கேட்கிறாள்:

"இந்தத் தங்கம் எந்த ஊரிலிருந்து வருதுப்பா?"

தகப்பனார் ஆசாரியைப் பார்க்கிறார். ஆசாரி சிரிக்கிறார்.

"எனக்குத் தருமபுரியிலிருந்து வருது பாப்பா. தருமபுரிக்குச் சேலத்திலிருந்து வருது. சேலத்துக்கு எங்கிருந்து வருதுன்னு என்னைக் கேட்காதே!"

இப்படி ஒரு காட்சியை நீங்களும் எந்த ஊர்க் கடையிலும் பார்க்கலாம். குழந்தை கேட்டது சின்னக் கேள்வி அல்ல. தங்கம் எங்கிருந்து வருகிறது? அதைக் கொண்டுவர யாருக்கு அனுமதி? யாருக்கு இல்லை? இதற்குப் பதில் தெரிந்துகொண்டால், ஏமாறாமல் நகை வாங்கலாம். வீட்டுப் பிள்ளை ஒருவன் சிறைக்குப் போகாமலும் தடுக்கலாம்.

கோலார் கொடுத்தது எவ்வளவு?

பாலக்கோட்டுக்கு வடக்கே, கிருஷ்ணகிரியையும் தாண்டிப் போனால் கோலார் தங்கவயல். 1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போய்ச் சுரங்கத்தில் இறங்கினார்கள். அப்போது பாலக்கோடும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது.

பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். அந்த ஆழத்தில் பாறை தொட்டால் சுடும். திடீரென்று வெடிக்கும். கல் தூசி நுரையீரலில் படிந்து, எத்தனையோ பேர் இளம் வயதிலேயே இருமி இருமிச் செத்தார்கள்.

இப்படி 120 ஆண்டுகள் பாடுபட்டு எடுத்த தங்கம் மொத்தம் ஏறக்குறைய 800 டன். கிடைக்கும் தங்கத்தைவிடச் செலவு அதிகமாகிவிட்டதால், 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2023-24-ம் ஆண்டில் இந்தியா வெளிநாடுகளிலிருந்து வாங்கிய தங்கம் ஏறக்குறைய 795 டன்.

கோலார் 120 ஆண்டுகளில் கொடுத்ததை, நாம் ஒரே ஆண்டில் வெளியே வாங்கியிருக்கிறோம்!

நம் நாட்டில் சுரங்கமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கர்நாடகத்தில் ராய்ச்சூர் ஜில்லாவில் ஹட்டி என்ற இடத்தில் தங்கம் எடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன். நம் நாட்டுத் தேவைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆகவே, அந்தச் சின்னப் பெண்ணின் காதில் ஏறும் தோடு, பழைய நகையை அழித்துச் செய்ததாக இல்லாவிட்டால், பெரும்பாலும் கடல் கடந்து வந்த தங்கம்தான்.

ஏன் அனுமதி?

வெளிநாட்டுக்காரன் நம் ரூபாயை வாங்கிக்கொண்டு தங்கம் கொடுக்கமாட்டான். டாலர் கேட்பான். 2023-24-ல் வந்த தங்கத்துக்கு நாம் கொடுத்தது ஏறக்குறைய 4,550 கோடி டாலர்.

நாட்டுக்கு டாலர் பை ஒன்றுதான். பெட்ரோலுக்கும் அதிலிருந்துதான் கொடுக்கவேண்டும். தக்காளிச் செடிக்குப் போடும் பொட்டாஷ் உரம் வெளிநாட்டுச் சரக்கு. அதற்கும் அதிலிருந்துதான் கொடுக்கவேண்டும். பையில் இருப்பதையெல்லாம் தங்கத்துக்கே அள்ளிக் கொடுத்தால், உரத்துக்கு என்ன செய்வது?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1991-ம் ஆண்டில் அந்தப் பை காலியாகும் நிலை வந்தது. சில வாரச் செலவுக்குத்தான் அன்னியச் செலாவணி கையில் இருந்தது. வீட்டில் முடை வந்தால் நாம் என்ன செய்வோம்? கழுத்தில் கிடப்பதைக் கழற்றி அடகு வைப்போம். நாடும் அதைத்தான் செய்தது. ரிசர்வ் பாங்கியின் பெட்டகத்திலிருந்து ஏறக்குறைய 47 டன் தங்கம் விமானத்தில் வெளிநாட்டுக்குப் போனது. அதை ஈடு காட்டி, இங்கிலாந்து, ஜப்பான் நாடுகளின் மத்திய பாங்கிகளிடம் கடன் வாங்கினார்கள்.

ஆகவே, தங்கம் வரும் வாசலில் ஒரு காவல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை.

யார் கொண்டுவரலாம்?

வெளிநாட்டுச் சரக்கு எதையும் வியாபாரத்துக்காகக் கொண்டுவர, முதலில் ஒரு எண் வாங்கவேண்டும். டெல்லியில் அயல்நாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் மூலமே மனுப் போடலாம். கட்டணம் 500 ரூபாய். பான் எண்ணும் பாங்கிக் கணக்கும் விலாசமும் சரியாக இருந்தால் எண் கிடைத்துவிடும். அதை வைத்துக்கொண்டு எத்தனையோ சாமான்களை வரவழைக்கலாம்.

ஆனால் தங்கக் கட்டிக்கு அந்த எண் மட்டும் போதாது.

2019-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. அதுவரை "தாராளமாகக் கொண்டுவரலாம்" என்ற பட்டியலில் இருந்த தங்கமும் வெள்ளியும் "கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது" என்ற பட்டியலுக்கு மாறின. அரசாங்கம் பெயர் குறித்துவிட்டவர்கள் மூலமாகத்தான் வரவேண்டும் என்று ஆயிற்று.

அந்த உத்தரவின்படி இரண்டு வாசல்கள்.

முதல் வாசல், பாங்கி. எல்லாப் பாங்கியும் அல்ல. தங்கம் தருவிக்கலாம் என்று ரிசர்வ் பாங்கி பெயர் சொன்ன பாங்கிகள் மட்டும்.

இரண்டாவது வாசல், டெல்லி அலுவலகம் நியமித்த நிறுவனங்கள். அரசாங்கத்துக்குச் சொந்தமான எம்.எம்.டி.சி. நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவந்த நிறுவனம்.

மூன்றாவது வாசல் 2022-ம் ஆண்டில் திறந்தது. குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில், தங்கம் வாங்கி விற்க ஒரு சர்வதேசச் சந்தையை ஏற்படுத்தினார்கள். தகுதி பெற்ற நகை வியாபாரிகள் அதன் மூலம் நேரடியாகத் தங்கம் தருவிக்கலாம். தகுதி என்ன தெரியுமா? சொத்து மதிப்பு குறைந்தது 25 கோடி ரூபாய் இருக்கவேண்டும் என்று விதி வகுத்தார்கள்.

இவை தவிர, சுரங்கத்திலிருந்து வரும் கசடு கலந்த தங்கக் கட்டியைத் தருவிக்க, அதைச் சுத்தம் செய்யும் ஆலைகளுக்குத் தனி லைசென்சு உண்டு. ஆலையின் சோதனைச் சாலைக்கு அங்கீகாரம் இருக்கவேண்டும். எந்த நாட்டிலிருந்து, எத்தனை கிலோ, என்ன மாற்று என்று கணக்குக் கொடுக்கவேண்டும். கட்டுப்பாட்டுச் சரக்கு எதற்கும் தனி அனுமதி கேட்டு மனுப் போட்டால், டெல்லியில் ஒரு அதிகாரிகள் குழு அதைப் பார்க்கும். என்ன சரக்கு, எவ்வளவு, எதற்கு என்று பார்த்துத் தருவார்கள், அல்லது மறுப்பார்கள்.

இப்போது நம் ஆசாரியை நினைத்துப் பாருங்கள். பட்டறையில் குமுட்டி அடுப்புக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊதுகுழல் ஒரு கையில், சாமணம் ஒரு கையில். அவருக்கு வேண்டியது இன்றைக்குப் பத்து கிராம், நாளைக்குப் பத்து கிராம். பாங்கியில் தங்கம் இறங்குவதோ கிலோக் கட்டியாக. ஒரு கிலோ என்றால் 125 பவுன்! அவ்வளவு பணத்தை அவர் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை.

ஆகவே, பாங்கியிலிருந்து பெரிய வியாபாரி வாங்குவார். அவரிடம் அடுத்தவர் வாங்குவார். அவரிடம் இன்னொருவர். கை மாறும்போதெல்லாம் கொஞ்சம் லாபம் ஏறும். கடைசியில் நிற்பவர் ஆசாரி. அவர் வாங்கும் விலைதான் அதிகம். அவருக்குக் கிடைக்கும் கூலிதான் குறைவு.

சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். தருமபுரி ஜில்லாப் பெண்கள் காலில் போடும் கொலுசில் பெரும்பகுதி சேலத்துப் பட்டறைகளில் பிறந்தது. வெள்ளியும் அதே 2019-ம் ஆண்டு உத்தரவுக்குள் வந்த உலோகம்தான்.

1963-ல் நடந்தது

அனுமதி என்ற பெயரில் ஆசாரியின் வயிற்றில் அடித்த கதை ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இளைஞர்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

1947-ம் ஆண்டிலிருந்தே, ரிசர்வ் பாங்கியின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுத் தங்கம் வரக்கூடாது என்று தடை இருந்தது. 1962-ம் ஆண்டு சீனப் படை எல்லையில் புகுந்தது. நாட்டுக்குப் பணமுடை. தங்க ஆசையைக் குறைத்தால் கள்ளக்கடத்தல் நிற்கும், அன்னியச் செலாவணி மிச்சமாகும் என்று அரசாங்கம் நினைத்தது.

நிதி மந்திரியாக இருந்தவர் மொரார்ஜி தேசாய். 1963-ம் ஆண்டு ஜனவரி மாதம் தங்கக் கட்டுப்பாடு வந்தது. புதிய நகை எதுவும் 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது! இதுதான் உத்தரவு.

14 காரட் என்றால் நூறு பங்கில் ஏறக்குறைய 58 பங்குதான் தங்கம். மிச்சம் செம்பும் வெள்ளியும். 22 காரட் தங்கம் ஆசாரி சொன்னபடி வளையும். 14 காரட் முரண்டு பிடிக்கும். அதைக் கையால் தட்டி மெல்லிய வேலை செய்வது கஷ்டம். நிறமும் மங்கும். வாங்க யாரும் வரவில்லை.

தாய்மார்கள் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். பட்டறையில் அடுப்பு அணைந்தது. நாடெங்கும் லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள். பரம்பரை பரம்பரையாக இதைத் தவிர வேறு தொழில் அறியாதவர்கள். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். பாராளுமன்றத்திலேயே இதைப்பற்றிப் பேசினார்கள்.

1966-ல் அந்த 14 காரட் விதியை எடுத்தார்கள். ஆனால் 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று தனிச் சட்டமே வந்தது. வியாபாரிக்கு லைசென்சு. ஆசாரிக்குச் சான்றிதழ். தனி மனிதர் கட்டித் தங்கம் வைத்திருக்கக்கூடாது. ஒரு குடும்பத்தில் நகை 4,000 கிராமுக்கு மேல் இருந்தால் அரசாங்கத்திடம் கணக்குக் கொடுக்கவேண்டும். அந்தச் சட்டம் 1990-ம் ஆண்டு ரத்தாகும் வரை 22 ஆண்டுகள் நீடித்தது.

கள்ளக்கடத்தல் நின்றதா? நிற்கவில்லை!

வெளிநாட்டில் தங்கம் மலிவு. நம் ஊரில் விலை அதிகம். நடுவில் கடல். துபாயிலிருந்து பாய்மரக் கப்பல்கள் மேற்குக் கரைக்கு வந்தன. பத்துத் தோலா எடையுள்ள சிறு கட்டிகளைச் சட்டைப் பைகளில் வரிசை வரிசையாகத் தைத்து, உடம்பில் மாட்டிக்கொண்டு கரை இறங்கினார்கள். நேர்மையாகத் தொழில் செய்த ஆசாரி பட்டினி கிடந்தார். இருட்டில் தொழில் செய்தவன் மாளிகை கட்டினான்.

முன்வாசலை அடைத்தார்கள். கொல்லைப்புறம் திறந்துகொண்டது.

1992-ம் ஆண்டு, வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் இந்தியர்கள் வரி கட்டி 5 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்று அனுமதித்தார்கள். 1997-ல் பாங்கிகளுக்கு வாசல் திறந்தது. கடலில் பாய்மரக் கப்பல்களின் ஆட்டம் ஓய்ந்தது.

மறுபடியும் அதே பாடம்

ஆனால் பாடத்தை மறந்துவிடுவது மனித இயல்பு.

2012-13-ல் அன்னியச் செலாவணிப் பற்றாக்குறை மிகப் பெரிதாக வளர்ந்தது. 2012 தொடக்கத்தில் நூற்றுக்கு 2 ஆக இருந்த தங்க வரியைப் படிப்படியாக ஏற்றி, 2013 ஆகஸ்டில் நூற்றுக்கு 10 ஆக்கினார்கள். வரும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை நகை ஏற்றுமதிக்கு ஒதுக்கவேண்டும் என்றும் விதி போட்டார்கள். கணக்கில் வரும் தங்கம் குறைந்தது. விமான நிலையங்களில் பிடிபடும் தங்கம் கூடியது. 2014 நவம்பரில் அந்த ஒதுக்கீட்டு விதியை எடுத்துவிட்டார்கள்.

2022 ஜூலையில் வரி நூற்றுக்கு 15 ஆனது. 2024 ஜூலையில் ஒரே அடியாக 6 ஆகக் குறைந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வரி 15 என்றால், ஒரு லட்ச ரூபாய்த் தங்கத்தை மறைத்துக் கொண்டுவந்தவனுக்கு 15,000 ரூபாய் மிச்சம். வரி 6 என்றால் 6,000 ரூபாய்தான் மிச்சம். அதில் விமானச் செலவு, கைக்கூலி, பிடிபடும் பயம் எல்லாம் போகவேண்டும். வரி எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு கடத்துகிறவனுக்குத் துணிச்சல் ஏறும்.

சட்டத்தின் சந்தில் புகுந்தவர்களும் உண்டு. ஒரு உலோகக் கலவையில் நூற்றுக்கு 2 பங்கு பிளாட்டினம் இருந்தாலே அதைப் பிளாட்டினக் கலவை என்றுதான் சுங்க விதி சொல்லும். உடனே சிலர் என்ன செய்தார்கள்? கொஞ்சம் பிளாட்டினத்தைச் சேர்த்து, மிச்சமெல்லாம் தங்கமாக வைத்து, "இது பிளாட்டினம்" என்று குறைந்த வரியில் இறக்கினார்கள். முக்காடு போட்ட தங்கம்! 2025-ல் அரசாங்கம் அந்தச் சந்தையும் அடைத்தது.

வெளிநாட்டிலிருந்து நகையாகச் செய்து கொண்டுவருவதிலும் இப்படி நடந்ததால், 2023 ஜூலை 12-ந்தேதி பல வகைத் தங்க நகைகளையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தார்கள்.

கவனித்தீர்களா? சந்து தேடுகிறவர்களுக்குக் கணக்குப் பிள்ளையும் வக்கீலும் இருக்கிறார்கள். பாலக்கோட்டு ஆசாரிக்கு யாரும் இல்லை.

தம்பி, குருவி ஆகாதே!

இனி நாம் சொல்லப்போவதை வீட்டில் எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.

பாலக்கோட்டுப் பக்கத்து இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். சிலர் கடல் கடந்தும் போகிறார்கள். அவர்களைத் தேடி ஒரு ஆள் வருவான். நல்ல சட்டை போட்டிருப்பான். அன்பாகப் பேசுவான்.

"தம்பி, சும்மா துபாய் போய் வா. டிக்கெட் நான் எடுக்கிறேன். கைச்செலவுக்கும் பணம். வரும்போது ஒரு சின்னப் பொட்டலம். அவ்வளவுதான்."

இப்படிப் போய்வருகிறவர்களுக்குக் "குருவி" என்று பெயர். பசை மாதிரி குழைத்த தங்கத்தை உடம்பில் மறைத்துக் கொண்டுவருகிறார்கள். செருப்பில், இடுப்பு வாரில், வயிற்றுக்குள்ளேகூட வைத்துக்கொண்டு வருகிறார்கள். உயிருக்கே ஆபத்து.

சுங்க அதிகாரிகள் பிடித்தால் தங்கம் பறிமுதல். மேலே அபராதம். 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை விதிக்க இடம் உண்டு. 1974-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கள்ளக்கடத்தலைத் தடுப்பதற்காக, வழக்கு விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை காவலில் வைக்க அது வழி செய்கிறது. பொட்டலம் கொடுத்தவன் எங்கே? அவன் போன் எண்ணே மாறியிருக்கும்! தாய் தோட்டை விற்று வக்கீலுக்குக் கொடுப்பாள்.

நேர்மையாகக் கொண்டுவர வழி இருக்கிறது. வெளிநாட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்துவிட்டுத் திரும்பும் இந்தியர், சலுகை வரி கட்டி ஒரு கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம். ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டு வருகிறவருக்கு, சொந்த நகையில் ஆணுக்கு 20 கிராமும் பெண்ணுக்கு 40 கிராமும் வரி இல்லை. ஆனால் அது நகையாக இருக்கவேண்டும். கட்டியோ, காசோ அல்ல.

விதிகள் அவ்வப்போது மாறும். புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் சிவப்பு வழி, பச்சை வழி என்று இரண்டு இருக்கும். சலுகைக்கு மேல் தங்கம் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்னால் வரி. மறைத்தால் குற்றம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. "பில் இல்லாமல் கட்டித் தங்கம், விலை குறைச்சல்" என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். இது கடத்தல் தங்கம் என்று நியாயமாகச் சந்தேகப்பட்டு அதிகாரி கைப்பற்றினால், அப்படி இல்லை என்று நிரூபிக்கவேண்டியது வைத்திருப்பவரின் பொறுப்பு. தங்கத்துக்கு உள்ள கடுமையான விதிகளில் இதுவும் ஒன்று. உங்களைக் காப்பாற்றக்கூடியது ஒரு துண்டுக் காகிதம்தான். அதுதான் ரசீது.

என்ன செய்யவேண்டும்?

முதலில் அரசாங்கத்துக்கு.

காவல் இருக்கட்டும். ஆனால் வாசலில் ஒரு சிறு கதவு வேண்டும். 25 கோடி உள்ளவருக்கு ஒரு வாசல் திறந்ததுபோல், 25 ஆயிரம் உள்ளவருக்கும் ஒன்று திறக்கவேண்டும். ஜில்லாவுக்கு ஒரு பொற்கொல்லர் கூட்டுறவுச் சங்கம் இருக்கட்டும். அனுமதி பெற்ற பாங்கி அந்தச் சங்கத்துக்குக் கிலோக் கணக்கில் தங்கம் கொடுக்கட்டும். சங்கம் அதைப் பத்து கிராம், இருபது கிராமாக ஆசாரிகளுக்குக் கொடுக்கட்டும். பெரிய நகைக்கடைகளுக்குப் பாங்கிகள் தங்கத்தையே கடனாகக் கொடுக்கின்றன. நகை விற்ற பிறகு அவர்கள் கடனை அடைக்கிறார்கள். அதே வசதியைச் சங்கத்தின் பேரில் ஆசாரிக்கும் கொடுத்தால் என்ன?

சேலத்துக் கொலுசுத் தொழிலாளிக்கு வெள்ளியும் இப்படியே கிடைக்கவேண்டும்.

இரண்டாவது, வரியை ஒரே நிலையில் வைக்கவேண்டும். ஏற்றி ஏற்றி இறக்கினால் லாபம் பதுக்குகிறவனுக்கு. 1963-ம் 2013-ம் இதைத்தான் சொல்கின்றன.

மூன்றாவது, விதிகளைத் தமிழில் எழுதவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரியும்படி எழுதவேண்டும். பாஸ்போர்ட் கொடுக்கும் இடத்திலும், பஸ் நிலையத்திலும் ஒட்டவேண்டும். "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று எந்தப் பிள்ளையும் அழக்கூடாது.

அடுத்து நமக்கு.

நகை வாங்கும்போது எடை, மாற்று, விலை, கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியாக எழுதிய ரசீது கேளுங்கள். கேட்க வெட்கப்படவேண்டாம். நகையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அடையாளம், 22 காரட்டுக்கு 916 என்ற எண், ஆறு எழுத்துக்களும் எண்களும் கலந்த ஒரு குறி. மூன்றும் இருக்கவேண்டும். முத்திரை விதிக்குள் வரும் கடைகள் அந்த ஆறு எழுத்துக் குறி இல்லாத நகையை விற்கக்கூடாது என்று 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் விதி. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், அந்தக் குறியைச் செல்போனில் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மிகச் சிறிய கடைகளுக்கு இந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. அங்கே வாங்கினால் ரசீது இன்னும் முக்கியம்.

பெட்டியில் தூங்கும் பழைய நகையை நம்பிக்கையான ஆசாரியிடம் கொடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். நாட்டின் டாலர் மிச்சம். ஊர் ஆசாரிக்கு வேலை.

கடன் வாங்கி மட்டும் நகை வாங்காதீர்கள். முடைக்கு உதவத்தான் தங்கம். தங்கத்துக்காகவே முடைப்படுவது அறிவாகாது.

இப்போது, அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நாமே பதில் சொல்லலாம்.

"பாப்பா, இந்தத் தங்கம் கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நாட்டில் பூமிக்கு அடியிலிருந்து வந்தது. அரசாங்கம் அனுமதித்த பாங்கி வழியாக, வரி கட்டி, நம் நாட்டுக்குள் வந்தது. உன் அப்பா தக்காளி விளைவித்த பணத்தில் உன் காதுக்கு வந்திருக்கிறது. இதோ ரசீது. தோட்டோடு இதையும் பத்திரமாக வைத்துக்கொள்."

ஒவ்வொரு ஆசாரியும் தைரியமாக இப்படிச் சொல்லும்படி அவருக்கும் நேர்வழியில் தங்கம் கிடைக்கட்டும்.